இடுப்பு வலியும் வங்கி சைரனும்

(சங்கக் கூட்டத்தில் நான் பேசியது. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இடுப்பு வலியைப் பற்றிப் பேச எனக்குள்ள ஒரே தகுதி, நான்கு வருடம் அதோடு குடித்தனம் நடத்தியதுதான்.

என் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்த ஒருவர், "டிஸ்க் தேய்ஞ்சு போச்சு சார், இனிமே குனியவே குனியாதீங்க" என்றார். நானும் குனியவில்லை. கீழே விழுந்த பேனாவைக்கூட மனைவிதான் எடுத்துத் தருவாள். பேத்தி கையை நீட்டினாலும் தூக்க மாட்டேன். நம்மூர் அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனால் பிரகாரம் சுற்றாமல் ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் வலி கூடிக்கொண்டேதான் போனது.

பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் தம்பியிடம் போனேன். முதல் நாள் மெஷின் எதுவும் வைக்கவில்லை, அரை மணி நேரம் பேசினார். காசு கொடுத்துப் பாடம் கேட்கவா வந்தோம் என்று எனக்கு எரிச்சல். "சார், உங்க பேங்க்ல அலாரம் இருந்துச்சா?" என்றார்.

இருந்தது. ஒருமுறை நடுராத்திரியில் சைரன் அலறி, ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்ட்ராங் ரூம் பத்திரமாக இருந்தது. எலி ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். "சத்தம் உண்மை, கொள்ளை நடக்கல. உங்க வலியும் அப்படித்தான்" என்றார்.

அடிபட்டதும் வரும் வலி நம்மைக் காப்பாற்றும் வலி. தசைக் காயங்கள் பெரும்பாலும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் ஆறிவிடும். மூன்று மாதம் தாண்டியும் நீடிக்கிற வலியில், பல நேரம் நரம்புகளும் மூளையும் சின்ன அசைவுக்கே சைரனை அடிக்கப் பழகிவிடுகின்றன. பயமும் தூக்கக் கேடும் அதை இன்னும் முடுக்கும்.

அப்படியானால் ஸ்கேனில் தெரிந்தது? இடுப்பு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 60 வயதுக்காரர்களில் 88 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. நரைமுடி மாதிரிதான். கணக்குப் புத்தகமும் கையிருப்பும் டேலி ஆகாத இடம் இது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் அமெரிக்காவில், கை துண்டிக்கப்பட்டவர்களை ஆராய்ந்தார். இல்லாத கையில் வலிக்கிறது என்றார்கள். இருக்கும் கையைக் கண்ணாடியில் காட்டி அசைக்கச் சொன்னதும் சிலருக்கு வலி தணிந்தது. கையே இல்லை, ஆனாலும் வலி பொய் இல்லை.

இதை அழுத்திச் சொல்கிறேன். கரும்பு வெட்டி, நாற்று நட்டு இடுப்பு விட்டுப்போன பெண்களிடம் "எல்லாம் உன் மனசுலதான்" என்று சொல்லிவிடாதீர்கள். இந்தப் பாடத்துக்கு அது அர்த்தமே இல்லை.

பாடம் மட்டும் கேட்டு எனக்கு வலி போகவில்லை. பயம்தான் போனது. அதற்குப் பிறகுதான் உடற்பயிற்சி செய்ய முடிந்தது. முதல் வாரம் தினம் ஐந்து நிமிட நடை, பிறகு ஏழு, பிறகு பத்து. நன்றாக இருக்கிறதே என்று ஒருநாள் பேராசையில் ஒரு மணி நேரம் நடந்து, இரண்டு நாள் படுத்தேன். அதுவும் காயம் இல்லை, சைரன்தான் என்று தெரிந்ததால் மூன்றாம் நாள் எழுந்தேன்.

ஆனால் கால் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலோ, கீழே விழுந்த பிறகு வலித்தாலோ, என் கதையை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே கொள்ளை நடந்திருக்கலாம்.

வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அரசு சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

எனக்கு இன்றும் காலையில் வலிக்கிறது. பேத்திக்கு இப்போது 18 கிலோ. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தூக்குகிறேன்.