கண்ணகையின் குளிர்த்தி

கல்முனைப் பட்டினத்திலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெரு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு ஆகிய முஸ்லிம் ஊர்களைக் கடந்து காரைதீவை அடைகிறது. ஓர் ஊர் முடியும் இடமும் மற்றோர் ஊர் தொடங்கும் இடமும் புதிதாய் வருவார்க்கு எளிதில் புலப்படா. தென்னந்தோப்பும் மணலும் கடலோசையும் எல்லா ஊர்க்கும் பொது. வைகாசி பிறந்துவிட்டால் மட்டும் காரைதீவு தனித்துத் தோன்றும். அங்கே கண்ணகை அம்மனுக்குச் சடங்கு தொடங்கிவிடும். கண்ணகி என்னும் பெயரைக் கண்ணகை என வழங்குவதே மட்டக்களப்பு நாட்டு மரபு.

இல்லம் செழிக்கவும் கணவனும் மக்களும் நலமுற்று வாழவும் இந்துப் பெண்டிர் நோற்கும் நோன்புகள் பல. ஐப்பசி அமாவாசையில் நிறைவுறும் கேதாரகௌரி விரதத்தில் இருபத்தோர் இழை நூல் அணிவர். வரலட்சுமி நோன்பில் கலசம் வைத்துத் திருமகளை வீட்டுக்கு அழைப்பர். கௌரியோ சிவனின் பாதி. திருமகளோ திருமாலின் மார்பில் உறைபவள். இல்லறத்தில் குறையேதும் இல்லாத தெய்வங்களிடம் இல்லற நலத்தைக் கேட்பது இயல்பேயன்றோ? ஆனால் கணவனைக் கொலைக்களத்தில் பறிகொடுத்து, மனையும் மக்களும் இன்றி, ஊரை எரித்துச் சென்ற ஒருத்தியிடம் அதே வரத்தைப் பெண்கள் கேட்பது ஏன்?

சிலப்பதிகாரத்தைக் கற்றார்க்கு இவ்வினா இன்னும் கூர்மையாகத் தோன்றும். மாதவியிடம் சென்ற கோவலன் திரும்பி வரவேண்டுமாயின், கடலோடு காவிரி கலக்கும் இடத்திலுள்ள குண்டங்களில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுக எனத் தோழி தேவந்தி கூறுகிறாள். அது தன் பெருமைக்குத் தகாது என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள் கண்ணகி. கணவனைப் பெறுதற்கு நோன்பு நோற்க இசையாத அவளுக்கே இன்று பெண்கள் குடும்பத்தின் பொருட்டு நோன்பு நோற்கின்றனர்.

இதற்கு விடை அக்காப்பியத்தின் உரைபெறு கட்டுரையிலேயே கிடக்கிறது. மதுரை எரிந்த பின்னர்ப் பாண்டியநாடு மழையின்றி வறுமையுற்றது. வெப்பு நோயும் அம்மையும் பரவின. கண்ணகிக்கு விழாவும் சாந்தியும் செய்த பிறகே மழை பெய்து நோய் நீங்கிற்று. அதனைக் கேட்டு இலங்கை வேந்தன் கயவாகு ஆடித்திங்களில் அவளுக்கு விழாவெடுக்க, அவன் நாட்டிலும் மழை பொழிந்து வளம் பெருகியது என்கிறது அக்கட்டுரை. செல்வத்தை வாரி வழங்குபவளாக அன்றி, அநீதியால் மூண்ட சினம் தணிந்தால் நாட்டை வாழவிடுபவளாகவே அவள் அங்கே காட்டப்படுகிறாள். காரைதீவுச் சடங்கின் முடிமணிக்குக் குளிர்த்தி என்று பெயர் வந்ததும் இக்கருத்தினாலேயே.

கடலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து கல்யாணக்கால் நாட்டுவதோடு சடங்கு தொடங்குகிறது. முறிந்துபோன அந்த மணவாழ்வுக்கு ஆண்டுதோறும் புதிதாகக் கால் நாட்டுகின்றனர் எனலாம். இரவுகளில் கண்ணகி வழக்குரை ஏடு படிக்கப்படும். வாய்மொழியிலும் ஏட்டிலும் வாழ்ந்த அந்நூலைப் பண்டிதர் வீ. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். பொங்கலுக்கு வேண்டிய நெல்லைக் கோயிலில் உரலிலிட்டுக் குற்றுபவர் பெண்கள். ஆலை அரிசி அடுத்த தெருவிலேயே கிடைக்கும்; ஆயினும் அம்மனுக்கு அது ஆகாது.

நேர்த்திக்கடன்களுள் மடிப்பிச்சை குறிப்பிடத்தக்கது. வசதியான வீட்டுப் பெண்ணும் சேலைத் தலைப்பை ஏந்தி வீடுவீடாகச் சென்று இரந்து, கிடைத்ததைக் கோயிலில் சேர்ப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறவேண்டும். கடல் கடந்து உழைக்கும் கணவன் சுகமாக மீளவேண்டும். இவற்றை வேண்டுபவள் முதலில் தன் செருக்கை இறக்கி வைக்கிறாள். பெருமை பேசி நோன்பை மறுத்தவளின் சந்நிதியில் இவ்வாறு நிகழ்வது வியப்பே.

இங்கே வீடு என்பது பெண்ணின் வீடு என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். மட்டக்களப்பு நாட்டில் குடி தாய்வழியாகவே வருகிறது. மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்பட, கணவன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்கிறான். அயலூர் முஸ்லிம்களிடையேயும் இதே வழக்கம், இதே குடிமுறை. கோயிலில் குடிகளின் சார்பில் வண்ணக்கர்மார் இருந்தது போலப் பள்ளிவாசலில் குடிக்கு மரைக்காயர் இருந்தனர். இறைவனைத் தொழும் முறை வேறாயினும், மனைக்கு உரியவள் மனையின் நலத்துக்குப் பொறுப்பேற்கும் நிலை இரு சாராரிடையேயும் ஒன்றே.

கல்முனைக்கு வடக்கே சற்றுத் தொலைவில் பாண்டிருப்பு. அங்கே புரட்டாசியில் பாரதக்கதை படித்துத் தீ மிதித்து வழிபடப்படுபவள் திரௌபதை. சபையில் இழிவுபடுத்தப்பட்டுக் கூந்தல் முடியாதிருந்தவள். ஒரு பட்டினத்தின் இரு பக்கத்திலும் தெய்வமானவர்கள் அநீதிக்குள்ளான இரு பெண்கள்! சிங்கள மக்களும் கண்ணகியைப் பத்தினித் தெய்வம் எனப் போற்றி, கண்டிப் பெரகராவில் அவள் தேவாலயத்துக்கும் இடம் அளித்துள்ளனர்.

பெரியம்மை உலகினின்றும் ஒழிக்கப்பட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. நோய் ஒன்றே காரணமாயின் குளிர்த்தி அன்றே நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. 1985 சித்திரையில் இப்பகுதித் தமிழ், முஸ்லிம் மக்களிடையே மூண்ட கலவரத்தில் காரைதீவில் பல வீடுகள் எரிந்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று வேறுபாடு பாராது கரையோர வீடுகளை வாரிச் சென்றது. தீர்த்தம் எடுப்பது அதே கடலில்தான். மனிதரின் சினமும் இயற்கையின் சினமும் ஊரை என்ன செய்யும் என்பது அங்குள்ள பெண்களுக்கு ஏட்டில் மட்டும் படித்த செய்தி அன்று.

பூரணையை அண்டிய பொங்கலிரவு கழிந்து விடியுமுன்னே குளிர்த்தி பாடப்படும். கூட்டம் பேச்சடங்கி நிற்கும். சினம் ஆறித் தாயே குளிர்க என்பதுதான் அப்பாடலின் பொருள். மதுரையை எரித்த பின் கண்ணகியை ஆயர்குலத்தார் குளிர்வித்தனர் என்பது கதை. வேப்பிலையும் குளிர்ந்த நீரும் அதனை நினைவூட்டும். இரவெல்லாம் கண்விழித்த பெண்கள், உறங்கிய பிள்ளைகளைத் தோளிற் சாத்திக்கொண்டு கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மணல் ஒழுங்கைகளில் வீடு திரும்புகின்றனர். மாளிகைக்காட்டுப் பக்கமிருந்து சுபஹுத் தொழுகைக்கான பாங்கு கேட்கிறது.