அடக்கி வைக்காதீங்க, மறைச்சும் வைக்காதீங்க

(தோட்டப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் எங்கள் சுகாதாரக் குழுவினர் ஆற்றிய பேச்சு)

அம்மாமாரே, அக்கா தங்கச்சிமாரே, வாசல் பக்கம் நிற்கிற அண்ணன்மாரே!

இன்றைக்குப் பேச வந்த விஷயம் கொஞ்சம் கூச்சமானது. தீராத வயிற்றுக் கோளாறும், அடிக்கடி வருகிற நீர்க்கடுப்பும் பற்றியது. "இதையெல்லாம் சபையில பேசலாமா?" என்று நினைப்பீர்கள். பேசாமல் இருந்ததால் பட்டது போதும் என்றுதான் நாங்கள் வந்திருக்கிறோம்.

சில காலத்துக்கு முன் ஓர் அக்கா எங்களிடம் வந்தார். கொழுந்து எடுப்பவர். காலையில் ரொட்டியும் சம்பலும் தின்று மலைக்குப் போனால் வயிறு முறுக்கும், இரண்டு மூன்று தடவை வெளியே போக வேண்டிவரும். பிறகு நாலு நாள் ஒன்றுமே போகாது. இடையிடையே ஒண்ணுக்குப் போனால் எரிச்சல். மலையில் ஒதுங்க இடமில்லை, அட்டைக்கடி வேறு. அதனால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணீரே குடிக்க மாட்டார். நோய் கூடினால் வேலைக்குப் போக மாட்டார், பேர் விழாது. புருசனிடம்கூடச் சொல்லவில்லை. புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம் மட்டும் நெஞ்சுக்குள்ளே இருந்தது.

அவர் ஒருவர் மட்டுமல்ல. இந்தக் கூட்டத்திலும் சிலர் தலையைக் குனிந்ததைப் பார்த்தோம்.

முதலில் வயிற்றைப் பார்ப்போம். வயிறு வலித்து, வெளியே போகும் வழக்கம் மாறி, மாதக்கணக்கில் வந்து வந்து போகும். சோதித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதை டொக்டர்மார் எரிச்சல் குடல் நோய் என்பார்கள். குடலில் புண் இருக்காது. ஆனால் குடலின் அசைவும் அதன் நரம்பும் அளவுக்கு மேல் உணர்ச்சி கொண்டுவிடும். மூளையும் குடலும் நரம்பால் இணைந்தவை. அதனால்தான் கடன், வீட்டுச் சண்டை, பிள்ளையின் கவலை வந்தால் வயிறும் கலங்குகிறது. "ரிப்போட்டில ஒண்ணும் இல்ல" என்றால் "நடிக்கிறா" என்று அர்த்தமில்லை. வலி உண்மையான வலிதான். இது புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

குடல் எரிச்சல் உள்ளவர்களுக்குச் சலப்பையும் அடிக்கடி தொந்தரவு கொடுப்பது உண்டு. மலச்சிக்கல் இருந்தால் நிரம்பிய குடல் சலப்பையை நெருக்கும். தண்ணீர் குறைந்தால் மலமும் இறுகும், கிருமியும் கழுவுப்பட்டு வெளியேறாது. பெண்களுக்குச் சிறுநீர் வழி கட்டை, அதனால் கிருமி இலகுவாக ஏறும். மணிக்கணக்கில் அடக்கினால் அந்தக் கிருமி பெருக நேரம் கிடைக்கும். ஆக, தண்ணீரை விடுவது தொந்தரவைக் குறைப்பதில்லை, கூட்டத்தான் செய்கிறது.

என்ன செய்யலாம்?

கொதித்தாறிய நீரை ஒரு போத்தலில் மலைக்குக் கொண்டு போங்கள். ஒரே மூச்சில் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் தண்ணீர் போதவில்லை, வெளிறிய வைக்கோல் நிறம் வந்தால் போதும். இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் டொக்டர் சொன்ன அளவில் நிற்க வேண்டும். தேத்தண்ணியைக் குறையுங்கள். அது சலப்பையையும் குடலையும் உசுப்பும்.

மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது ஒண்ணுக்குப் போங்கள். நிறுவை நேரத்தில் இரண்டு பேராகச் சேர்ந்து போங்கள், ஒருவர் காவல் நிற்கலாம். சிலருக்கோ கிருமியே இல்லாமல் அரை மணிக்கு ஒருமுறை முட்டும். அவர்கள் டொக்டரைக் கண்ட பிறகு, இடைவெளியைக் கால் மணி கால் மணியாகக் கூட்டிப் பழக்கலாம்.

சாப்பாட்டில் கோதுமை மா ரொட்டி, பருப்பு, வெங்காயம், காரச் சம்பல், பால் ஆகியவை சிலரின் வயிற்றை ஊதவைக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தினால் உடம்பு நலிந்துவிடும். ஒன்றை மட்டும் இரண்டு மூன்று வாரம் குறைத்துப் பாருங்கள். சோறு பலருக்கு ஒத்துக்கொள்ளும். வெறும் வயிற்றோடு மலை ஏறாதீர்கள்.

எரிச்சல் வந்ததும் பக்கத்து லயத்தில் மிஞ்சிய குளிசையை வாங்கிப் போடாதீர்கள். டிஸ்பென்சரியில் சொல்லிச் சிறுநீரைச் சோதியுங்கள். முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடிக்க வேண்டும். மருந்து தந்தால், சுகமாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல் முழுவதையும் குடித்து முடியுங்கள். தாகமும் அடிக்கடி ஒண்ணுக்கும் சேர்ந்து வந்தால் சீனியைச் சோதிக்கச் சொல்லுங்கள். வயதான ஐயாமாருக்கு ஒண்ணுக்கு மெல்ல மெல்லச் சொட்டினால் அதையும் மறைக்க வேண்டாம்.

சில அறிகுறிகளுக்குத் தாமதமே கூடாது. மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய வயிற்று மாற்றம், குளிர் காய்ச்சலோடு இடுப்புக்கு மேல் முதுகுவலி ஆகியவை வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரே போகாமல் அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான். கர்ப்பிணித் தாய்க்கு லேசான நீர்க்கடுப்பு என்றாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்க்கக் காசு கட்டத் தேவையில்லை.

அண்ணன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் ஒருத்தி அடிக்கடி வெளியே ஓடினால் சிரிக்காதீர்கள், "என்ன செய்யுது?" என்று கேளுங்கள். கங்காணிமாரும் அஞ்சு நிமிசம் ஒதுங்கப் போனவரைச் சத்தம் போட்டு அழைக்காதீர்கள்.

பல மலைகளில் இன்னும் மலசலகூடம் கிடையாது. ஒருத்தி போய்க் கேட்டால் அது வெட்கமாகத் தெரியும். மாதர் சங்கமும் தொழிற்சங்கத் தலைவர்களும் சேர்ந்து, எந்த மலையில், எந்த நிறுவை இடத்துக்குப் பக்கத்தில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அது நியாயமான கோரிக்கை. எழுத நாங்கள் உதவி செய்கிறோம்.

முதலில் சொன்ன அக்காவுக்குச் சிறுநீரில் கிருமி இருந்தது, மருந்தில் அது தீர்ந்தது. வயிறு இன்னும் சில நாள் முறுக்கத்தான் செய்கிறது. ஆனால் என்ன நோய் என்று தெரிந்ததால் பயம் போய்விட்டது. இப்போது கூடையோடு தண்ணீர்ப் போத்தலும் மலைக்குப் போகிறது.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் பின் அறையில் இருப்போம். சபையில் சொல்ல முடியாததை அங்கே வந்து சொல்லுங்கள்.