துடைக்கிற கைக்குக் கௌரவம் குறைவா?



"தாதியர் படிப்புக்கு அனுப்பினால், சாகக் கிடப்பவரைத் துடைக்கிற வேலைக்கா போகிறாய்?" படித்துக்கொண்டே ஹோஸ்பிஸில் பராமரிப்பு உதவியாளராகச் சேரும் பெண், வீட்டில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பால்மரம் வெட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்த தாய்க்கு அந்த ஆதங்கம் வராதா?

வரட்டும். ஆனால் அந்த வேலை என்ன? நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப் புண் வரும். உலர்ந்த வாயை ஈரப்படுத்த வேண்டும். மருந்து கொடுப்பது அவள் வேலையல்ல. ஆனால், புரட்டும்போது அவர் முகம் சுளித்ததை முதலில் பார்ப்பவள் அவள்தான். அவள் சொன்னால் தாதிக்குத் தெரியும். தாதி சொன்னால் டாக்டர் மார்ஃபின் அளவை மாற்றுவார். ஒரு மனிதரின் வலி அவள் கண்ணில் இருக்கிறது!

இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் 1944-ல் தாதியானார். முதுகுவலியால் அந்த வேலையை விட நேர்ந்தது. பிறகு லண்டன் செயின்ட் லூக்ஸ் இல்லத்தில் தொண்டராகச் சேர்ந்தார். வலி வந்தபின் அல்ல, வருமுன்பே நேரம் தவறாமல் தாதிகள் அங்கே மருந்து கொடுப்பதைக் கண்டார். 33 வயதில் மருத்துவம் படிக்கப்போய், 1957-ல் டாக்டரானார். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹோஸ்பிஸைத் திறந்தார். வித்து எங்கே விழுந்தது? நோயாளியின் கட்டிலோரத்தில்!

நம் பேராக்கைப் பாருங்கள். ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அன்று லயத்தில் ஒருவர் படுத்தால், பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி கொண்டுவருவார். தோட்டத்து டிரெசர் எட்டிப்பார்ப்பார். இன்று பிள்ளைகள் கோலாலம்பூரில், சிங்கப்பூரில். பெரியவர் ஈப்போவில் தனியே. 1991-ல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா தொடங்கியது. ஈப்போவில் பேராக் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி இருக்கிறது. ஆனாலும், "எங்கே வலிக்குது தாத்தா?" என்று தமிழில் கேட்க ஆள் வேண்டாமா?

படிப்பைக் கெடுக்காத அளவுக்கு அவள் வேலை நேரத்தை வைத்துக்கொள்ளட்டும். முதல் மரணத்தைப் பார்த்த இரவு தூக்கம் வராது. மூத்த தாதியிடம் மனம் விட்டுப் பேசட்டும்.

தாய்மார்களே, தடுக்காதீர்கள். அவள் களைத்து வரும்போது சோறு போட்டு, "இன்றைக்கு அந்தத் தாத்தா எப்படி இருக்கார்?" என்று கேளுங்கள். அது போதும்.