கடல்கோள் நினைவு: பழமை அறிவு இன்றைக்கு உதவுமா?



பழங்காலத்தைப் பற்றிய அறிவு, இன்றைய மனிதன் ஒரு முடிவை எடுக்கும்போது அவனுக்குத் துணைசெய்யுமா என்னும் வினா இலக்கிய அவைகளில் எழும்போதெல்லாம், ‘செய்யும்’ என்ற விடைக்கே கைதட்டல் கிடைக்கிறது. வரலாறு மறந்த இனம் வாழாது என்று முழங்காத மேடை தமிழகத்தில் அரிது. எனினும் அந்த விடை மேடையில் அன்றிக் கடற்கரையில் சோதிக்கப்பட்ட காலைப்பொழுது ஒன்று உண்டு. அது 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை.

அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்திராவின் மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது. அதன் அதிர்வைச் சென்னையில் பலர் உணர்ந்தனர். வீட்டைவிட்டு வெளியே வந்தனர். சற்று நின்று பேசிவிட்டு உள்ளே திரும்பினர். அலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. சில இடங்களில் கடல் முதலில் உள்வாங்கியது. மாமல்லபுரத்தில் நீருக்கடியில் கிடந்த கற்கள் வெளியே தெரிந்தன. அந்தப் புதுமையைக் காணக் கடலை நோக்கி நடந்தவர் உண்டு. அன்றைய அலைக்குத் தமிழகத்தில் மட்டும் சுமார் 8000 பேர் பலியாயினர். அவர்களில் 6000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இலங்கையின் முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் மாண்ட தமிழர் தனிக்கணக்கு.

மறுநாள் நாளேடுகளைப் பிரித்தவர்களுக்கு ‘சுனாமி’ என்ற சப்பானியச் சொல்லே முதலில் அறிமுகமாயிற்று. ‘ஆழிப்பேரலை’ என்பது அதன்பின் பரவிய சொல். கடல் நாட்டைக் கொள்ளுவதைக் குறிக்கக் ‘கடல்கோள்’ என்ற சொல்லைப் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வைத்திருந்த மொழியில் இது நிகழ்ந்தது என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

தமிழுக்குக் கடலின் கொடுமையைப் பற்றிய நினைவுப் பஞ்சம் இல்லை. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கடலிடம் நிலம் இழந்த பாண்டியன், பகைவர் நாட்டை வென்று அவ்விழப்பை ஈடுசெய்ததைக் கலித்தொகை கூறுகிறது. தலைச்சங்கத்தின் மதுரையும் இடைச்சங்கத்தின் கபாடபுரமும் கடலுள் மறைந்தன என்கிறது இறையனார் களவியல் உரை. மணிமேகலை இன்னும் விரிவாகவே பேசுகிறது. பீலிவளை பெற்ற மகன் கலம் கவிழ்ந்து காணாமற் போக, அவனைத் தேடி அலைந்த சோழன் நெடுமுடிக்கிள்ளி இந்திர விழாவை மறந்தான்; அதனால் தெய்வம் சினந்தது; புகார் கடலுள் ஆழ்ந்தது.

இக்குறிப்புகளை ஒருசேர வைத்து நோக்கினால் ஒன்று புலனாகும். கலித்தொகை கடல்கோளை மன்னனின் வீரத்துக்குப் பின்னணியாக்குகிறது. களவியல் உரை அதைச் சங்கத்தின் தொன்மைக்குச் சான்றாக்குகிறது. மணிமேகலை அதை ஒரு பிழைக்குரிய தண்டனையாக்குகிறது. கடல் வருமுன் நிலம் நடுங்கியதா, நீர் பின்வாங்கியதா, தப்பியவர் எத்திசையில் ஓடித் தப்பினர் என்பவற்றை இவற்றுள் எதுவும் சொல்லவில்லை. இது அப்புலவர்களின் குறையன்று. அவர்கள் மேற்கொண்ட பணி வேறு. புகார் அழிந்தது ஒரே நாளிலா, நூற்றாண்டுக்கணக்கான அரிப்பினாலா என்ற வழக்கும் ஆய்வாளரிடையே இருந்து வருகிறது. ஆயினும் 20ஆம் நூற்றாண்டில் குமரிக் கண்டத்தின் எல்லைகளைப் படம் வரைந்து காட்டிய ஆர்வத்தில் ஒரு சிறு பங்கேனும், கடல் மீண்டும் வந்தால் என்செய்வது என்ற கேள்விக்குச் செலவிடப்பட்டதாகத் தெரியவில்லை. இழந்த நிலத்தின் பரப்பைப் பற்றிய பெருமிதம் இருந்தது. இருக்கும் நிலத்தின் தாழ்வைப் பற்றிய அச்சம் இல்லை.

இனி, அதே காலையில் அதே கடலில் வேறொரு கரையைக் காண்போர் வியப்படைவர். சுமத்திராவின் மேற்கே சிமலூ என்றொரு தீவு இருக்கிறது. நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் உள்ள மக்கள்வாழ் நிலம் அது. அதன் வடபகுதியில் உள்ள இலாங்கி என்னும் ஊரை அலை அடைந்தது சுமார் எட்டே நிமிடங்களில். எந்த அறிவிப்பு நிலையமும் அதற்குள் வாய் திறந்திருக்க முடியாது. அவ்வூரில் வாழ்ந்த ஏறத்தாழ 800 பேரும் குன்றேறித் தப்பினர். வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. உயிர் ஒன்றும் போகவில்லை. தீவின் மக்கள்தொகை அப்போது சுமார் 78,000, மாண்டவர் எழுவர். அண்டையிலிருந்த ஆச்சே நிலப்பகுதியிலோ இறந்தோரும் காணாமற் போனோரும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டினர்.

சிமலூ மக்களிடம் கருவி இல்லை. ஒரு சொல் இருந்தது. ‘ஸ்மோங்’ என்பது அச்சொல். 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தீவு ஒருமுறை நடுங்கியது; கடல் பின்வாங்கியது; துள்ளும் மீனை அள்ளச் சென்றவர்களைத் திரும்பிவந்த அலை வாரிக்கொண்டது. தப்பியவர்கள் அதைக் கதையாக்கினர். பாட்டனார் மாலை வேளையில் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். தாய் தொட்டிலை ஆட்டும்போது பாட்டில் சேர்த்தாள். அக்கதையில் மன்னன் இல்லை. தொன்மைப் பெருமை இல்லை. நிலம் பெரிதாக நடுங்கும், கடல் வற்றும், உடனே மேட்டுக்கு ஓடு என்ற மூன்றே செய்திகள் உண்டு. அவற்றின் முறையும் மாறாது. 97 ஆண்டுகள் கழித்து, 1907ஐக் கண்ணாற் கண்ட எவரும் இலர் என்று சொல்லத்தக்க காலத்தில், யாரோ ‘ஸ்மோங்’ என்று கூவினர். அதன்பின் விளக்கம் தேவைப்படவில்லை.

அறிவின் அளவை மட்டும் எடைபோட்டால் தமிழரின் தட்டே தாழும். சிமலூவின் கதை ஒரு நூற்றாண்டுக்கும் உட்பட்டது. தமிழின் கடல்கோள் குறிப்புகளோ பல நூற்றாண்டுகளைக் கடந்தவை. வேறுபாடு அறிவு தங்கியிருந்த வடிவத்தில் இருந்தது. ஒன்று உரையாசிரியரின் ஏட்டிலும் புலவர் வகுப்பிலும் தங்கியது. மற்றொன்று, அலை வரும்போது கரையில் நிற்கப் போகிறவனின் காதில் தங்கியது. பழமை அறிவு துணைசெய்யுமா என்று பொதுப்பட வினவுவதைவிட, அது எவரிடம், எவ்வடிவில், எந்த வினைச்சொல்லோடு வந்து சேர்கிறது என்று வினவுவதே பயன் தரும்.

இதற்குச் சான்று புதுவையை அடுத்த நல்லவாடு. சிங்கப்பூரில் பணிபுரிந்த அவ்வூர்க்காரர் ஒருவர், தொலைக்காட்சியில் செய்தி கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஊருக்குள் நீர் வருவதாகச் சொன்னார்கள். ஓடுங்கள், ஊரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார் அவர். ஊரார் அங்கிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அச்சொல்லைக் கூவினர். ஊர் முழுதும் வெளியேறியது; எவரும் மாளவில்லை. சில மணி நேரத்துக்கு முந்தைய செய்தியும் பழமை அறிவே. அது ‘ஓடு’ என்ற ஏவலாக மாறியதால் உயிர் காத்தது. தாய்லாந்துக் கடற்கரை ஒன்றில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி, இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் ஹவாய்த் தீவின் 1946ஆம் ஆண்டுப் பேரலையைப் பற்றிக் கற்றதை நினைவுகூர்ந்து, ஏறத்தாழ நூறு பேரைக் கரையிலிருந்து அகற்றியதும் இவ்வகையினதே.

அறிவு உரியவரைச் சென்றடைந்தும் முடிவு பிறவாமற் போவதும் உண்டு. சப்பானில் கி.பி. 869இல் வந்த சோகன் பேரலையை அந்நாட்டு அரசவை வரலாற்று நூல் பதிந்திருக்கிறது. அது வயல்களில் விட்டுச்சென்ற மணற்படிவுகளை ஆய்வாளர் தோண்டிக் கண்டனர். புக்குசிமா அணுமின் நிலையம் தொடர்பான அரசுக் குழுவின் கூட்டத்தில் 2009ஆம் ஆண்டு இது எடுத்துரைக்கவும் பட்டது. நிலையத்தை நடத்திய நிறுவனம் 2008ஆம் ஆண்டிலேயே 15 மீட்டரைத் தாண்டும் அலை வரக்கூடும் என்று தனக்குள் கணக்கிட்டு வைத்திருந்தது. மேலும் ஆராயலாம் என்று காலம் கடத்தப்பட்டது. 2011 மார்ச் 11 அன்று கடல் காத்திருக்கவில்லை.

அதே நாளில் அதே நாட்டின் அனெயோசி என்னும் சிற்றூரில் ஒரு கல் பேசியது. 1896இலும் 1933இலும் அவ்வூர் அழிந்து, இருமுறையும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சினர். இக்கல்லுக்குக் கீழே வீடு கட்டாதீர் என்று பொறித்து மலைச்சரிவில் நட்டார்கள். 2011இன் அலை அக்கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேலே இருந்த வீடுகள் தப்பின. அண்மையில் உள்ள தாரோ ஊரினரோ அதே 1933இலிருந்து வேறு பாடம் கற்றனர்: பத்து மீட்டர் உயரத்துக்குச் சுவர் எழுப்பினர். சுவர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஓடத் தாமதித்தவர்களை, சுவரைக் கடந்து வந்த அலை கொண்டுசென்றது. பழமையைக் கற்றவர்களும் தவறுவர் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை. சென்ற அலையின் உயரமே இனிவரும் அலையின் உயரம் என்று அவர்கள் எண்ணினார்கள்.

நாகப்பட்டினத்துக்கே பழமை அறிவு ஏட்டளவில் இருந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். 1881 டிசம்பர் 31 அன்று நிக்கோபாரை ஒட்டி எழுந்த நிலநடுக்கத்தின் அலையை, நாகப்பட்டினத் துறையிலிருந்த கடல்மட்ட அளவுக் கருவி பதிந்தது. 1883இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலையும் அங்கே பதிவாயிற்று. இரண்டும் சிறிய அலைகள். கோடுகள் தாளில் நின்றன. அவை அலுவலக அலமாரியிலிருந்து மீனவர் குப்பத்துக்கு நடந்து செல்லவேயில்லை.

மீனவரிடம் அறிவு இல்லை என்று இதற்குப் பொருளன்று. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் பெயரறிந்து, இன்று வலை ஏற்றலாமா கூடாதா என்று விடியலில் முடிவெடுப்பவர்கள் அவர்கள். அது முழுதும் முன்னோர் தந்த அறிவு. நாள்தோறும் பயன்படும் அறிவு. ஆனால் ஆண்டுதோறும் திரும்பிவரும் காற்றை வாழ்க்கையே கற்பிக்கும். சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை வரும் அலையை எந்தத் தந்தையும் மகனுக்குக் கடலில் காட்ட இயலாது. அத்தகைய நிகழ்ச்சியைச் சுமப்பதற்குச் சொல்லைத் தவிர வேறு கலம் இல்லை. இந்த அவைக்கு இவ்வினாவில் உள்ள பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

2004க்குப் பின் தமிழில் இரங்கற் கவிதைகள் மிகுதியாகத் தோன்றின. அவற்றுள் நெஞ்சை உருக்குவன உண்டு. கடலைத் தாயென்றும் துரோகியென்றும் விளித்தவையே பெரும்பாலன. கரையோர ஊர்களில் நினைவுத்தூண்கள் எழுந்தன. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று மக்கள் கடலில் பாலூற்றி மலர் தூவுகின்றனர். இவை வேண்டாதவை அல்ல. இறந்தோர்க்குக் கடமை உண்டு. எனினும் இவை மணிமேகலையின் வழியிலேயே செல்கின்றன. கடல் சினந்தது என்கின்றன. எதைக் கண்டால் ஓடவேண்டும் என்று சொல்லவில்லை.

ஐதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் மீண்டும் கடலடி நிலம் பெரிதாக நடுங்கியபோது, சென்னையில் அதிர்வை உணர்ந்தவர்கள் வீட்டுக்குள் திரும்பவில்லை. கடற்கரையில் இருந்தோர் கலைந்தனர். பேரலை வரவில்லை. அந்நாளில் வேலைசெய்தது ஏழே ஆண்டு வயதான நினைவு. அந்நினைவு உடலில் இருந்தது, பாட்டில் இல்லை. 2004க்குப் பின் பிறந்தவர்கள் இன்று தாமே படகோட்டும் வயதை அடைந்திருக்கின்றனர். அவர்களுக்கு அது அப்பாவின் கதை. அவர்கள் பிள்ளைகளுக்குத் தூணில் உள்ள எழுத்து.

சிமலூவின் பாட்டை அப்படியே மொழிபெயர்த்துத் தந்துவிட்டால் போதாதா என்று கேட்பவர் இருக்கலாம். போதாது. குன்றுக்கு ஓடு என்று அது சொல்லும். நாகப்பட்டினம் முதல் வேதாரணியம் வரை நடந்தால் ஏறுவதற்குக் குன்று கிடையாது. அங்கே ஓடவேண்டிய திசை மேற்கு. ஏறவேண்டியது மாடிவீடு அல்லது கோயிலின் உயர்ந்த தளம். கடக்கக் கூடாதது உப்பங்கழி. கன்னியாகுமரிக் கரையில் இச்சொற்கள் வேறாகும், முல்லைத்தீவில் வேறாகும். ஒவ்வோர் ஊருக்கும் அவ்வூர் மண்ணை அறிந்தவரே எழுதவேண்டிய பாட்டு அது. மாமன் கொண்டுவந்த சீரையும் அத்தை அடித்த கதையையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவந்த தமிழ்த் தாலாட்டில் இதற்கும் இடமுண்டு. எழுதுபவர் முதலில் அக்கரைக்குச் சென்று, எந்தத் தெரு எந்த மேட்டில் முடிகிறது என்று அங்குள்ள கிழவியரிடம் கேட்டறிய வேண்டியிருக்கும்.