உயிரிரக்கமும் நம் பிள்ளைகளும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



உயிரிரக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவரிற் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. அதற்குக் காரணமும் உண்டு. கால்நடைகள் நீரருந்திய குளங்கள் நம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகத் நகரில், சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகிய வரலாற்றை நாம் அறிவோம். மாட்டுக்குத் தந்த நீரை மனிதனுக்கு மறுத்தவர்களே நம் உணவைப் பழித்து, நமக்கு ஜீவகாருண்யமும் போதித்தார்கள். அந்தப் போதனைக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்லர்.

ஆயினும் இரக்கத்தை அவர்களுடைய உடைமையாக விட்டுவிடலாகாது. ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்ற நூலில் அண்ணல் கருணையையும் மைத்திரியையும் பிரித்துக் காட்டுகிறார். கருணை மனிதரோடு நின்றுவிடுவது. மைத்திரியோ உயிர்கள் அனைத்தையும் தழுவுவது. இந்த மைத்திரியை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய அவசியத்தையே இன்று சொல்ல விழைகிறோம்.

2002 நவம்பரில் தென் சீனத்துக் குவாங்டாங் மாகாணத்தில் சார்ஸ் என்னும் புதிய நோய் தோன்றிற்று. அடுத்த ஆண்டிலேயே 8,000க்கும் மேற்பட்டோரைப் பற்றி, 774 பேரின் உயிரைக் குடித்தது. தொடக்கத்தில் நோயுற்றவர்களில் விலங்கு விற்போரும் சமையற்காரரும் பலர். அங்காடிகளில் விற்கப்பட்ட மரநாய்களிடம் அந்நோய்க் கிருமி இருந்தது 2003இல் தெரியவந்தது. உடனே மரநாய்களைக் கொன்றொழிக்க 2004 சனவரியில் ஆணை பிறந்தது. ஆனால் 2005இல் வெளியான ஆய்வுகளோ, அத்தகைய கிருமிகளின் இயற்கை உறைவிடம் குதிரைலாட வௌவால்கள் என்று காட்டின.

அப்படியாயின் குற்றவாளி யார்? வௌவாலா? அது தன் குகையில் கிடந்தது. மரநாயா? அது கூண்டில் கிடந்தது. காட்டில் ஒன்றையொன்று நெருங்காத விலங்குகளைப் பிடித்து, கூண்டின் மேல் கூண்டாக அடுக்கி, மேற்கூண்டின் கழிவு கீழ்க்கூண்டில் விழுமாறு வைத்தவன் மனிதன். பட்டினியாலும் அச்சத்தாலும் அவற்றின் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியது. கிருமி ஓரினத்திலிருந்து மற்றோரினத்திற்குத் தாவியது; முடிவில் அறுப்பவனின் கையை அடைந்தது. கொடுமை செய்தவன் ஒருவன். தண்டனை பெற்றது கூண்டிலிருந்த உயிர். இந்த நீதி நமக்குப் புதியதன்று!

2019 டிசம்பரில் ஊகான் நகரில் வெளிப்பட்ட கொரோனாவின் மூலம் குறித்து அறிஞரிடையே இன்னும் முடிவில்லை. எனினும் முதல் நோயாளிகளிற் பலர், உயிருள்ள காட்டு விலங்குகளும் விற்கப்பட்ட ஓர் அங்காடியோடு தொடர்புடையவர்கள். 2020 பிப்ரவரி 24 அன்று நிலவாழ் காட்டு விலங்குகளை உண்பதையும் அதற்காக விற்பதையும் சீனம் தடை செய்தது. அப்பெருந்தொற்றின் விலையை இங்கே கொடுத்தவர் யார்? தெருவைக் கூட்டியவரும், மருத்துவமனைக் கழிவைச் சுமந்தவரும், சுடுகாட்டில் பிணத்தை எரித்தவரும் அல்லரோ? தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகளின் கதவு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தது. கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எழுத்தை மறந்தனர். கல்வியையே படைக்கலமாகக் கொண்ட நமக்கு இதனினும் பெரிய இழப்பு உண்டோ?

காட்டுயிர் வணிகத்தில் ஆதாயம் அடைபவர் வேறு, அகப்படுபவர் வேறு. அலங்கு என்னும் எறும்புத்தின்னியின் செதில், நம் நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளால் ஆனதே. அதை மருந்தென்று நம்புவோருக்காக, 2019 ஏப்ரலில் மட்டும் சிங்கப்பூர் வழியே கடத்தப்பட்டுப் பிடிபட்ட செதில் 25 டன்னுக்கும் மேல். நம் நாட்டில் அலங்கை வேட்டையாடினால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. இளைஞர்களே! தரகன் நீட்டும் சில ஆயிரங்களுக்காக அலங்கையோ ஆமையையோ பிடித்துக் கொடுக்காதீர்கள். வழக்கு உங்கள் பெயரில் நிற்கும்; அரசுப் பணியின் வாயிலும் அடைபடும்; தரகனோ தப்பிவிடுவான்.

சட்டம் மட்டும் போதாது. வாழ்வுக்கு வழியும் வேண்டும். தோல் வணிகத்திற்காகப் பாம்பு பிடித்து வந்த இருளர் மக்கள், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையையும் அடுத்துப் பிழைப்பிழந்தனர். 1978இல் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இன்று அவர்கள் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து செய்யப்படும் மருந்து பாம்புக்கடிபட்டோரைக் காக்கிறது. அம்மக்களைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். உயிரும் பிழைத்தது, மனிதனும் பிழைத்தான். நாம் வேண்டும் மைத்திரி இதுவே.

பெற்றோர்களே! பிள்ளைக்கு இரக்கத்தைக் கற்பிக்கப் பாவ புண்ணியக் கதை வேண்டா. வீட்டு உணவைக் குறித்து அவன் நாணுமாறு ஒரு சொல்லும் வேண்டா. தும்பியின் வாலில் நூல் கட்டும் சிறுவனிடம், “உன் காலில் இப்படிக் கட்டி இழுத்தால் எப்படி இருக்கும்?” என்று கேளுங்கள். கிளியைக் கூண்டில் வளர்க்காதீர்கள். சட்டமும் அதை ஏற்பதில்லை. வௌவால் கடித்த பழத்தை உண்ணாதிருக்கவும், அதன் இருப்பிடத்தைக் கலைக்காதிருக்கவும் சேர்த்தே சொல்லுங்கள். நாயைக் கல்லால் அடிக்காதிருக்கப் பழக்குங்கள். கடித்துவிட்டாலோ, புண்ணைச் சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நம் மாலை வகுப்புகள்தோறும் கோடையில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைக்கும் பொறுப்பை மாணவரிடமே ஒப்படைப்போம்.

குடிநீருக்காகப் போராடிய மக்களின் பிள்ளைகள், தாகித்த உயிர் எதுவாயினும் அதற்கு நீர் வைக்கட்டும்.