கை எட்டும் தூரம்

(குறுவள மையக் கூட்டமொன்றில் பேசியது)



பள்ளித் தோட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வீட்டுப் பூப்பாத்தியிலிருந்து தொடங்குகிறேன். தவறு செய்து கற்றுக்கொண்டது அங்கேதான்.

எங்கள் கொல்லையில் மேற்கு மதிலை ஒட்டி எட்டடி அகலத்தில் ஒரே பாத்தி. அம்மா வைத்தது. நடுவில் குண்டுமல்லி, சுற்றிலும் சம்பங்கி, கனகாம்பரம். காலையில் பூப் பறித்துச் சாமி படத்துக்கு வைத்த பிறகுதான் அவருக்குக் காபி. மூன்று ஆண்டுகளுக்கு முன், மல்லிகை பறிக்க ஈரப் பாத்திக்குள் இறங்கியவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

"இனிமேல் பாத்திப் பக்கம் போகாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். கடையில் தினம் ஒரு முழம் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்வார், எதுவும் பேசமாட்டார். இரண்டு மாதம் அந்த மௌனத்தைப் பார்த்தபின், மாற வேண்டியது பாத்திதான் என்று எனக்கு உறைத்தது.

அம்மாவைப் பாத்தி ஓரத்தில் நிறுத்தி, உள்ளே கால் வைக்காமல் கையை நீட்டச் சொல்லி அளந்தேன். இரண்டடி. அந்த அளவுதான் வரைபடமாயிற்று. மூன்றடியில் இரண்டு பாத்தி, நடுவே இரண்டடிச் செங்கல் பாதை. மதிலோரம் கை எட்டாத பின்வரிசைக்கு நந்தியாவட்டையும் செம்பருத்தியும். அவற்றின் கிளைகள் தாமே முன்னால் வளைந்து வரும். பிற்பகல் வெயிலைத் தடுத்துக் கனகாம்பரத்துக்கு நிழலும் தரும்.

பிரித்து நடும்போதுதான் என் அலட்சியம் தெரிந்தது. சம்பங்கியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரிக்க வேண்டும். நாங்கள் ஆறு ஆண்டுகளாகத் தொடவே இல்லை. கிழங்குகள் நெருக்கியடித்துக்கொண்டு, வெறும் இலையாக நின்றது. 25, 30 கிராம் கிழங்குகளை மட்டும் பொறுக்கி, நிழலில் உலர்த்தி, ஜூனில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டேன். (எடை பார்த்தது பள்ளித் தராசில். தலைமையாசிரியர் மன்னிக்கவும்.) கனகாம்பரத்தைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு: நூற்புழு. அந்த இடத்தில் மறுபடி அதையே வைக்கக் கூடாது. வேப்பம்புண்ணாக்கு இட்டு, ஒரு பருவம் செண்டுமல்லி போட்டேன். புதுக் கனகாம்பர நாற்றுகள் வேறு மூலைக்குப் போயின.

பழைய மல்லிகை சரியாகப் பாதையின் குறுக்கே நின்றது. பதியன் போட்டு ஓரத்தில் நாலடிக்கு ஒன்றாக நட்டுவிட்டு, தாய்ச்செடியை எடுத்துவிடலாம் என்றேன். அம்மா ஒரே சொல் சொன்னார்: "இருக்கட்டும்." பாதை அதைச் சுற்றி வளைந்து போகிறது. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு அதைக் கவாத்து செய்தபோது, "மொட்டையடிச்சிட்டியேடா" என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மார்ச்சில் மொட்டு கட்டியது. பாதையில் நின்றபடியே பறித்தார்.

இனிப் பள்ளி. ஓராண்டுப் பூச்செடிகள் கோடை விடுமுறையில் கருகி, ஜூனில் வெறும் மண்ணைப் பார்க்கிறோம். விடுமுறையில் வாரம் இருமுறை தண்ணீர் விட ஆள் இருந்தால் நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி நிற்கும். அரளி தண்ணீரே கேட்காது. ஆனால் அதன் இலை, பூ, விதை எல்லாம் நஞ்சு. தொடக்கப்பள்ளியில் வேண்டாம். பாத்தி அகலத்துக்கு, எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கை நீட்டச் சொல்லி அளந்தோம். ஒன்றரை அடிகூட வரவில்லை. நாங்கள் போட்டு வைத்திருந்த பாத்தி ஐந்தடி. சென்ற வாரம்தான் பிரிக்கத் தொடங்கியிருக்கிறோம்.