மயக்க ஊசியும் பால் தேத்தண்ணியும்



சீழ்க்கட்டி கீறுவது, விலகின மூட்டை இழுத்து வைப்பது, கரு கலைந்தால் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது, இதெல்லாம் பத்துப் பதினைந்து நிமிஷ வேலை. ஆனால் மயக்க ஊசி என்றதும் நம்ம ஆட்கள் "திரும்ப எழும்புவோமா?" என்று பயந்து நாளைக் கடத்துகிறார்கள். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

நரம்பில் ஏற்றும் மயக்க மருந்துகளில் பழையது தயோபென்டோன். 1934 இல் வந்தது. அரை நிமிஷத்தில் தூக்கம் பிடிக்கும். ஆனால் வலியைக் குறைக்காது, எழும்பின பிறகும் மந்தம் மணிக்கணக்கில் நிற்கும். 1986 இல் விற்பனைக்கு வந்த புரொபோஃபோல் அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. சோயா எண்ணெய் கலந்தது, பால் மாதிரி வெள்ளை. ஏறும்போது கை கடுக்கும். ஐந்து பத்து நிமிஷத்தில் தெளிவு வரும், வாந்தியும் குறைவு. அன்றைக்கே வீடு திரும்புகிறவருக்கு இதுதான் தோது. ஆனால் மூச்சையும் பிரஷரையும் இறக்கிவிடும். பக்கத்தில் ஒட்சிசனும், மூச்சைப் பார்க்கத் தெரிந்த டொக்டரும் இருக்கவே வேண்டும்.

கெட்டமின் வேறு ரகம். வலியையும் அடக்கும், மூச்சைப் பெரும்பாலும் அமத்தாது, பிரஷரை ஏற்றும். ஈச்சிலம்பற்றை நினைத்துப் பாருங்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, மூதூர் வழியாகத் தரையால் திருகோணமலை பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பாதைப் படகு ஏறித்தான் போக வேண்டும். அப்படி வசதி தூரமான இடங்களில் உலகம் முழுக்க டொக்டர்மார் கெட்டமினை நம்புகிறார்கள். தெளியும்போது சிலர் கண்டபடி உளறுவார்கள், மயக்கத்தில் கண்ணும் திறந்தே கிடக்கும். அது பேயுமில்லை, பூசாரியும் வேண்டாம். சத்தம் போடாமல் விட்டால் தானே அடங்கும்.

எது நல்லது என்று கேட்டால், ஆளைப் பொறுத்தது. இரத்தம் நிறையப் போனவருக்குக் கெட்டமின் உதவும், பிரஷர் கூடினவருக்கு அது சரிவராது. அதை டொக்டர் முடிவு செய்யட்டும். நீங்கள் மறைக்காமல் சொல்ல வேண்டியது: இழுப்பு, வலிப்பு, இருதய வருத்தம், குடிக்கும் மருந்து, சாராயமும்தான்.

அடுத்தது வயிறு. மயக்கத்தில் இரைப்பையில் கிடப்பது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சோறு, ரொட்டி, பால் தேத்தண்ணி எல்லாம் ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். பச்சைத் தண்ணியும் பால் சேராத பிளேன்டீயும் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்வரை குடிக்கலாம், ஆஸ்பத்திரியில் வேறு கணக்குச் சொன்னால் அதைக் கேளுங்கள். பிள்ளை பசி தாங்காதே என்று ஒளித்து ரொட்டி ஊட்டும் அம்மாமார் இருக்கிறார்கள். ஊட்டிவிட்டால் உடனே நர்சிடம் சொல்லுங்கள், ஒப்பரேஷனைத் தள்ளிப்போடுவார்கள், அவ்வளவுதான்.

வீடு வரும்போது துணைக்கு ஓராள் வேண்டும். 24 மணித்தியாலத்துக்குக் கவ்வாத்துக் கத்தியும் மோட்டார் சைக்கிளும் தொடக்கூடாது.